குடியிருப்புக்குள் பயோகேஸ் ஆலை: போட்ட முதலுக்குப் பலன் உண்டா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டை அடுத்த எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில், நாளொன்றுக்கு 200 கிலோ உணவுக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையைச் சங்கத்தின் சேமநிதியிலிருந்து அமைத்தோம். மழைக்காலமும் குளிர்காலமும் கடந்து ஆலை நன்றாகவே உழைக்கிறது. ஆனால், விற்பவர் சொல்லும் எரிவாயுக் கணக்கை மட்டும் நம்பி எந்தச் சங்கமும் இதில் முதல் போடக்கூடாது.

நாள்தோறும் ஒரு வணிக சிலிண்டர் மிச்சமாகும் என்றுதான் எங்களிடம் சொன்னார்கள். ஒரு டன் உணவுக் கழிவு ஏறத்தாழ 80 முதல் 100 கன மீட்டர் வாயு தரும். ஒரு கன மீட்டர் வாயு 450 கிராம் அளவு சமையல் எரிவாயுவுக்கு ஈடாகும். அந்தக் கணக்கில் 200 கிலோவுக்கு 7 முதல் 9 கிலோதான் தேறும். 19 கிலோ சிலிண்டர் ஒன்றை மிச்சப்படுத்த இரண்டு நாளுக்கு மேலாகும். மீத்தேனை உண்டாக்கும் நுண்ணுயிர்கள் 35 டிகிரியை ஒட்டிய வெப்பத்தில்தான் சுறுசுறுப்பாக இயங்குபவை என்பதால், இரவு வெப்பம் 15, 16 டிகிரிக்கு இறங்கும் மார்கழி, தை மாதங்களில் இதுவும் குறைந்தது.

அப்படியிருந்தும் இது வீண் செலவன்று. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட குடியிருப்புகள் மக்கும் குப்பையை இயன்றவரை தம் வளாகத்திலேயே பதப்படுத்த வேண்டும் என்று 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே கூறியிருந்தன. ஈரக் குப்பையை வெளியே அனுப்ப ஒப்பந்ததாரருக்குக் கொடுத்துவந்த மாதக் கட்டணம் நின்றதுதான் எங்களுக்குக் கிடைத்த உண்மையான வருவாய். 2014இல் மண்டூர் கிராமத்தார் தம் ஊரில் கொட்டப்பட்ட நம் நகரக் குப்பைக்கு எதிராகப் போராட நேர்ந்ததை நினைத்தால், நம் வீட்டுக் கழிவு நம் மதிலுக்குள்ளேயே முடிவதை ரூபாயில் மட்டும் அளக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆலையின் உயிர்நாடி அதை இயக்குபவர்தான். கிருஷ்ணகிரியிலிருந்து வந்து இங்கே பணிபுரியும் அக்கா, பச்சை வாளிகளைத் தட்டில் கவிழ்த்து, தேங்காய் நார், மாங்கொட்டை, எலும்பு, பூச்சரத்து நூல் ஆகியவற்றைப் பொறுக்கிய பிறகே அரைவை இயந்திரத்தில் இடுகிறார். எலுமிச்சைத் தோலும் புளிக்குழம்பும் மிகுந்த நாள்களில் லிட்மஸ் தாள் சிவந்தால், தீனியைக் குறைத்துச் சிறிது சுண்ணாம்பு கலக்கிறார். அவருடைய ஊதியம் விற்பனையாளரின் இலாபக் கணக்கில் ஓரிடத்திலும் இல்லை.

விற்பனைக்குப் பிந்தைய சேவையில்தான் பெருங்குறை. கந்தகத்தை நீக்கும் இரும்புத்தூள் வடிகட்டியை மாற்ற ஆள் வராமல் இழுத்தடித்ததால், இந்த வாயுவைப் பயன்படுத்தும் எங்கள் கிளப் சமையலறையில் அழுகிய முட்டை வாடை பரவி, அடுப்பின் பர்னர்களும் அரிக்கப்பட்டன. ஆகவே, வடிகட்டி மாற்றும் தவணையையும் தாமதத்துக்கான பிடித்தத்தையும் பராமரிப்பு ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். குளிர்காலத்தில் எரிவாயு மீட்டர் காட்டும் அளவைப் பார்த்த பிறகே கடைசித் தவணைப் பணத்தைக் கொடுங்கள்.