டிஷ்ஷை விட்டு இணையத்தில் உதைபந்தாட்டம்: நண்பரின் கேள்விக்கு ஒரு பதில்

பரந்தனில் இருக்கும் நண்பர் ஒருவரின் வீட்டு டிஷ் அன்ரெனா இந்த மாரியோடு பழுதாகிவிட்டது. அதைத் திருத்துவதா, அல்லது என்னைப் போல உதைபந்தாட்டத்தை முழுவதும் இணையவழியிலேயே பார்க்கத் தொடங்குவதா என்று கேட்டிருந்தார். படத் தெளிவு, மாதக் கட்டணம், எந்தத் தொலைக்காட்சியில் செயலி வேலை செய்யும் என்பவை அவருக்கே தெரியும் என்பதால், சில வருடங்கள் பாவித்த பிறகுதான் தெரியவந்தவற்றை மட்டும் எழுதுகிறேன்.

டிஷ்ஷில் ஒரே நேரத்தில் ஐந்து ஆட்டங்கள் நடந்தாலும், அலைவரிசைக்காரர் தெரிவு செய்த ஒன்றையோ இரண்டையோதான் பார்த்தோம். செயலியில் கடைசி இடத்தில் கிடக்கும் இரண்டு அணிகள் மோதுவதையும் பார்க்கலாம். பிரீமியர் லீக்கைப் பொறுத்தவரை இது இங்கிலாந்திலேயே கிடைக்காத வசதி. மைதானத்துக்கு வரும் கூட்டம் குறைந்துவிடக் கூடாது என்பதற்காக, அங்கே சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை நேரடி ஒளிபரப்புக்குப் பல தசாப்தங்களாகத் தடை இருக்கிறது. 2025 இல் தொடங்கிய நான்கு வருட உள்நாட்டு உரிமைக்கு ஸ்கை, டிஎன்டி ஆகிய கட்டணத் தொலைக்காட்சிகளும், சுருக்கக் காட்சிகளுக்காகப் பிபிசியும் சேர்ந்து 6.7 பில்லியன் பவுண் கொடுத்தும், சனிக்கிழமை மூன்று மணி ஆட்டம் அவற்றில் நேரடியாக வராது. வெளிநாட்டு உரிமைக்கு அந்தத் தடை இல்லை. ஆகவே இலண்டனில் இருக்கும் என் மச்சானுக்குக் கிடைக்காத ஆட்டம், கிளிநொச்சியில் எனக்கு இரவு 7.30 மணிக்கும், அங்கே குளிர்காலமானால் 8.30 மணிக்கும் கிடைக்கிறது.

நான் எதிர்பாராமல் கிடைத்த பெரிய நன்மை இரவு டேட்டா. எங்கள் பக்கம் பைபர் இணைப்பு வரவில்லை; 4ஜி ரூட்டர்தான். பகல் டேட்டாவில் ஒரு முழு ஆட்டம் பார்த்தால் அந்த வாரக் கணக்கே ஆட்டம் கண்டுவிடும். ஆனால் வார நடுவில் இங்கிலாந்து நேரம் இரவு எட்டு மணிக்குத் தொடங்கும் ஆட்டங்கள் இங்கே 12.30 அல்லது 1.30 என்பதால், நள்ளிரவுக்குப் பின் கிடைக்கும் இரவுப் பங்குக்குள் முழுவதும் அடங்கிவிடுகின்றன. அதைவிட நல்லது, விடிய நாலரைக்கு எழும்பிப் பதிவை ஆறுதலாகப் பார்ப்பது. அரிவு வெட்டுக் காலத்தில் வயலுக்குப் போகிற எவரும் இரவு ஒன்றரைக்குக் கண்விழித்திருக்க முடியாது. ஆட்டம் நம் நேரத்துக்குக் காத்திருக்கும் என்பதை டிஷ் ஒருநாளும் தந்ததில்லை. இதை நான் மனமாரப் பாராட்டுகிறேன்.

இந்த நன்மையையே செயலி தன் கையால் கெடுக்கிறது என்பதுதான் என் தீராத கோபம். செயலியைத் திறந்தவுடன் முதலாவது படத்தில், கோல் அடித்தவர் கைகளை விரித்து ஓடுகிறார். அதன்மேல் தடித்த இலக்கத்தில் 2–1. அதற்குக் கீழே சுருக்கக் காட்சி தானாகவே ஓடத் தொடங்குகிறது. முழு ஆட்டத்தின் பதிவு அதற்கும் கீழே, இரண்டு திரை தள்ளி இருக்கிறது. முடிவு தெரியாமல் அங்கே போய்ச்சேர வழியே இல்லை. போதாததற்குத் தொலைபேசி அறிவிப்பிலும் முடிவு வந்துவிடும். இதை எழுதி முறையிட்டேன். நன்றி என்று ஒரு பதில் வந்தது. செயலி அப்படியே இருக்கிறது.

காரணம் விளங்காமல் இல்லை. நேரடி ஒளிபரப்பு, முழு ஆட்டத்தின் பிந்திய ஒளிபரப்பு, சுருக்கம், சின்னத் துண்டுகள் என்று உரிமை தனித்தனிப் பங்குகளாக விற்கப்படுகிறது. துண்டுக் காட்சிக்குத்தான் அதிகம் பேர் வருவார்கள் என்பதால் அதை வாசலில் வைக்கிறார்கள். தொண்ணூறு நிமிடமும் இருந்து பார்க்கிறவனைப் பற்றி எவரும் யோசிக்கவில்லை. செய்ய முடியாத வேலையும் அல்ல இது. 2023 முதல் பத்து வருடத்துக்கு 2.5 பில்லியன் டொலர் என்று அறிவித்து, அமெரிக்க எம்எல்எஸ் லீக்கின் ஆட்டங்களை நாடு பார்த்துத் தடுக்காமல் காட்டத் தொடங்கிய ஆப்பிளின் செயலியில், விளையாட்டு முடிவுகளைக் காட்டாதே என்று நிறுத்திவைக்க ஒரு தெரிவு இருக்கிறது. அதையும் சில மாதம் பார்த்தேன். அமெரிக்கக் கிழக்குக் கரையின் இரவு 7.30 ஆட்டம் கோடையில் இங்கே விடிய ஐந்து மணி. பிந்தி எழும்பினாலும் முடிவு தெரியாமலே தொடக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது.

மற்றவர்கள் ஏன் திருந்தவில்லை என்பதற்குப் பிரான்ஸ் நல்ல உதாரணம். அங்கத்தைய முதல்தர லீக்கான லீக் 1 இன் ஒளிபரப்பு உரிமைக்கு வருடத்துக்கு ஏறத்தாழ 800 மில்லியன் யூரோ தருவதாகச் சொல்லி 2020 இல் தொடங்கிய ஸ்பெயின் நிறுவனமான மீடியாப்ரோ, சில மாதங்களிலேயே பணம் கட்ட முடியாமல் விலகியது. 2021 இல் பெரும்பாலான ஆட்டங்கள் 250 மில்லியனுக்கு அமேசானிடம் போயின. 2024 இல் 400 மில்லியனுக்கு டாசோன் என்ற இணையவழி விளையாட்டுச் சேவை வந்து, ஒரே பருவத்தில் விலகியது. 2025 ஓகஸ்டில் லீக் நிர்வாகமே மாதம் 14.99 யூரோவுக்கு லீக் 1 பிளஸ் என்ற சேவையைத் தொடங்கியது. பாரிஸில் இருக்கும் என் பெரியம்மாவின் மகன், ஒரு செயலியில் எது எங்கே இருக்கிறது என்று பழகி முடிப்பதற்குள் அடுத்த சந்தாவுக்குப் போகவேண்டி வந்தது. இப்படி உரிமை கைமாறிக்கொண்டிருந்தால், பார்ப்பவரின் குறையைக் கேட்டுச் செயலியைச் செம்மைப்படுத்த எந்த நிறுவனத்துக்கு அக்கறை வரும்?

இவ்வளவு பணம் புரளும் இடத்தில் கிடைக்காத மரியாதை, எங்கள் ஊர்க் கழகங்களின் ஆட்டத்தில் கிடைக்கிறது. மைதான ஓரத்தில் நிற்கும் உழவு இயந்திரப் பெட்டிமேல் ஏறி, ஒரு பெடியன் தொலைபேசியில் முகநூல் நேரலை போடுகிறான். காற்று மைக்கில் இரைகிறது. பந்து சில வேளை படத்துக்கு வெளியே போய்விடுகிறது. ஆனால் பதிவுக்கு அணிகளின் பெயரும் திகதியும்தான் தலைப்பு. எவரும் அதன் உரிமையை வாங்கவில்லை என்பதால், எடுத்துவிடவும் எவரும் இல்லை. போன வருடத்து ஆட்டம் இன்றும் அங்கேயே இருக்கிறது.

நண்பருக்கு என் பதில்: டிஷ்ஷைத் திருத்துங்கள். மேலே சொன்ன நன்மைகள் எல்லாம் உண்மை, இருந்தும் இந்தப் பருவத்தில் சந்தா கட்டச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அப்படியும் மாறுவதென்றால், படுக்கப் போகுமுன் அறிவிப்புகளை நிறுத்திவிடுங்கள். விடிய எழும்பியதும் செயலியை நீங்கள் திறக்க வேண்டாம். உதைபந்தாட்டத்தில் நாட்டமில்லாத என் மகள்தான் இங்கே பதிவைத் தேடி ஓடவிட்டு, தொலைபேசியை என்னிடம் தருகிறாள்.