பழைய சன் ஃபிலிம் மேலேயே இன்னொன்று ஒட்டிய கதை, அப்புறம் இரண்டையும் உரித்த கதை

நண்பன் ஒருவன் நேற்று கேட்டான்: "கார்ல இருக்கிற சன் ஃபிலிம் லேசா ஊதா கலர் அடிக்குது, மத்தபடி நல்லாத்தான் இருக்கு. உரிக்காம அது மேலயே புதுசு ஒட்டிரலாமா?" வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அரை மணி நேரம் புலம்பிவிட்டேன்.

என் காரில் ஏற்கெனவே 50 சதவீத ஃபிலிம் இருந்தது, சாதாரண சாயம் போட்ட வகை. வெயில் தாங்கவில்லை என்று அதன் மேலேயே 35 சதவீத ஃபிலிம் ஒன்றை ஒட்டச் சொன்னேன். ஒட்டுகிறவர் வேண்டாம், பழசை எடுத்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். உரிக்கிற கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கொஞ்ச நேரத்தில் அவரைத் திட்டப் போகிறேன்.

நான் போடாத கணக்கு ஒன்று இருக்கிறது. 50 என்றால் வெளிச்சத்தில் பாதி உள்ளே வரும், 35 என்றால் அந்தப் பாதியில் மூன்றில் ஒரு பங்குதான் வரும். கண்ணாடியே வெளிச்சத்தை முழுசாக விடாது, 75 சதவீதம் என்று வையுங்கள். மூன்றையும் பெருக்கினால் 13 சொச்சம். பகலில் ஜம்மென்று இருந்தது, வெளியே இருப்பவருக்கு உள்ளே ஆள் இருப்பதே தெரியாது. ராத்திரி மழையில் ரிவர்ஸ் எடுக்கும்போதுதான் புத்தி வந்தது. சைடு மிரரையே அந்தக் கண்ணாடி வழியாகத்தானே பார்க்க வேண்டும்? மிரரில் இருட்டு மட்டும் தெரியும். கண்ணாடியை இறக்கினால் மழை மடியில். இப்படி ஏற்றி இறக்கியே மேல் ஃபிலிமின் ஓரம் ரப்பரில் உரசிக் கிளம்ப ஆரம்பித்தது. கூடவே பழைய ஃபிலிமின் பசை செத்துக் குமிழி விட்டது. மேலே ஒட்டியது எவ்வளவு உசத்தியாக இருந்தால் என்ன, கண்ணாடியைப் பிடித்திருப்பது அடியில் இருக்கிற கிழடுதானே. (எவ்வளவு இருட்டுக்கு அனுமதி என்பது இடத்துக்கு இடம் மாறும். அதைப் பார்த்துக்கொண்டு ஒட்டுங்கள், நான் அதையும் பார்க்கவில்லை.)

ஆக, இரண்டையும் உரித்தோம். மேல் ஃபிலிம் சமர்த்தாக வந்தது. அடியில் இருந்தது துண்டு துண்டாகக் கிழிந்து, பசையை முழுக்கக் கண்ணாடியிலேயே விட்டுவிட்டு வந்தது. ஸ்டீமர் வைத்து, சோப்புத் தண்ணீர் அடித்து, ஒரு நாள் பொழுது போனது.

புதிதாக ஒட்டியது செராமிக் ஃபிலிம் (நுண்ணிய செராமிக் துகள் கலந்தது), 50 சதவீதம். இதைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமே இல்லை. இரண்டு அடுக்காக இருந்தபோது இருந்ததைவிட ரொம்ப வெளிச்சம், ஆனால் கையில் படுகிற அந்தச் சுள்ளென்ற வெயில் குறைந்துவிட்டது. சூரியனிலிருந்து வருகிற ஆற்றலில் ஏறக்குறைய பாதி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். அதைத் தடுக்க ஃபிலிம் கறுப்பாக இருக்க வேண்டும் என்று அவசியமே இல்லை. இது தெரியாமல் இருட்டைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன். கடையில் விளக்கைப் போட்டு, ஃபிலிமுக்குப் பின்னால் கையை வைத்துச் சூடு தெரிகிறதா பார்க்கச் சொல்வார்கள், அதில் மயங்க வேண்டாம். அந்த விளக்கு கக்குவதில் பெரும்பகுதி அகச்சிவப்புதான், செராமிக் அதில் ஜெயிக்காமல் என்ன செய்யும்? மொத்த சூரிய ஆற்றலில் எத்தனை சதவீதம் தடுக்கிறது என்று கேளுங்கள். முதல் சில நாள் அங்கங்கே தண்ணீர் தேங்கி மங்கலாகத் தெரியும், அது தானாகக் காயும். அதுவரை கண்ணாடியை இறக்காமல் இருந்தால் போதும்.

சரி, இப்போது பின் கண்ணாடி.

ஒட்டி முடித்துப் பல வாரம் கழித்து ஒரு மழைநாள் காலையில் டீஃபாகரை, அதாவது பின் கண்ணாடியில் படிகிற ஆவியைச் சூடேற்றி விரட்டுகிற கோடுகளைப் போட்டேன். எல்லாக் கோடும் ஆவியை விரட்டியது, ஒன்றைத் தவிர. மேலிருந்து நான்காவது. அந்தக் கோடுகள் கண்ணாடியின் உள்பக்கம் அச்சிட்டுச் சுட்ட வெள்ளிக் கலவை. ஃபிலிம் ஒட்டுவதும் அதன் மேல்தான். பிளேடு பட்டால் போச்சு. ஒவ்வொன்றுக்கும் மின்சாரம் தனித்தனியாகப் போவதால் ஒன்று அறுந்தாலும் மற்றவை வேலை செய்யும், அதனால்தான் உடனே தெரியவில்லை. சின்ன வெட்டு என்றால், மல்டிமீட்டர் வைத்து இடத்தைக் கண்டுபிடித்து, மின்சாரம் கடத்துகிற வெள்ளிப் பெயின்டை ஒரு தொடு தொட்டால் உயிர் வந்துவிடும். ஆனால் இப்போது அந்தக் கோட்டின் மேல் என் அருமையான செராமிக் ஃபிலிம் இருக்கிறது! தொட வேண்டுமானால் மறுபடி உரிக்க வேண்டும். உரித்தால் இன்னும் எத்தனை கோடு போகுமோ.

ஒட்டியவரிடம் போய்க் கேட்டேன். "முன்னாடியே அப்படித்தான் இருந்திருக்கும் சார்" என்றார். இருந்திருக்கலாம்தான். நான் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை, என்னிடம் ஆதாரம் இல்லை. பசை அவ்வளவு பிடிவாதமாக இருந்ததற்கும் என் இரண்டடுக்கு ஆசைதான் காரணம். எல்லாம் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சாயங்காலம் அவசரத்தில் அவர் பின் கண்ணாடிக்குள் பிளேடோடு குனிந்ததை என் கண்ணால் பார்த்தேன். பக்கக் கண்ணாடியில் பிளேடைப் போடு, யார் கேட்கப் போகிறார்கள்? கோடு போட்ட கண்ணாடியில் யாராவது போடுவார்களா?

"அப்ப அந்தச் செராமிக் ஃபிலிம் நல்லா இல்லையா?" என்றான் நண்பன். அதைவிட நல்ல ஃபிலிமை நான் பார்த்ததில்லை. திரும்ப ஒட்டுவாயா என்றால், பக்கக் கண்ணாடிக்கு மட்டும். பின் கண்ணாடியை யாரையும் தொட விடமாட்டேன், வெயில் அடித்துவிட்டுப் போகட்டும். அவனுக்குச் சொன்னது இதுதான்: உரிக்கக் கொடுக்கும் முன் பின் கண்ணாடியில் ஆவி பிடிக்க வைத்து, டீஃபாகரைப் போட்டு, உரிக்கிறவர் எதிரிலேயே கோடுகளை எண்ணி ஒரு போட்டோ எடுத்துக்கொள்.

இன்று காலையும் மழை. உள் மிரரில் பார்த்தால், பின்னால் வருகிற வண்டியின் ஹெட்லைட் சரியாக அந்த நான்காவது கோட்டுப் பட்டைக்குள் வந்து மங்கலாக உட்கார்ந்திருக்கிறது.