ஆச்சியின் ஓபி சீட்டும் டீக்கடை அண்ணாச்சியின் செல்போனும்

சிட்னியிலிருந்து ஆடி அமாவாசைக்கு ஊர் வந்து சொரிமுத்து அய்யனாரைக் கும்பிட்டுத் திரும்பியது வரை எழுத ஒன்றுமில்லை. எழுத வைத்தது, மறுவாரம் ஓர் அரசு மருத்துவமனையின் பதிவுச் சாளரத்தில் நின்ற இரண்டரை மணி நேரம். அம்மா காலத்திலிருந்து எங்கள் வீட்டுக்கு மலைத்தேன் கொண்டுவரும் காணிக்காரப் பழங்குடிப் பெரியவரின் மனைவிக்கு ஒரு வாரமாகக் காய்ச்சல். பாபநாசம் மலையின் காரையாற்றுப் பக்கமிருந்து பஸ் பிடித்து இறங்கியிருந்த இருவருக்கும் துணையாகப் போயிருந்தேன்.

முன்பெல்லாம் பெயரும் ஊரும் சொன்னால் ஓபி சீட்டு கிடைத்துவிடும். எழுதுகிறவர் திட்டுவார், ஆனாலும் எழுதிவிடுவார். இப்போது செல்போனுக்கு ஓடிபி வந்தால்தான் கணினி நகருமாம். அவர்கள் வீட்டின் ஒரே போன் மகனிடம். மகனோ தேனெடுக்கக் காட்டுக்குள் போயிருந்தான், அங்கே டவர் ஏது? என் எண்ணைக் கொடுத்தேன். ஆஸ்திரேலிய எண்ணுக்கும் பத்து இலக்கம்தான். ஆனால் அது பூஜ்யத்தில் தொடங்குவது கணினிக்குப் பிடிக்கவில்லை. "எய்யா, பேரு எழுதுனாப் போதாதா?" என்று ஆச்சி கேட்டதற்கு உள்ளிருந்த இளைஞரிடம் பதிலில்லை. அவரைக் குறைசொல்ல எனக்கும் மனம் வரவில்லை.

சமவெளியில் 5,000 பேருக்கும், மலை மற்றும் பழங்குடிப் பகுதிகளில் 3,000 பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது விதி. கேட்கச் சலுகையாகத்தான் இருக்கிறது. ஆனால் சேர்வலாறு, மயிலாறு, இஞ்சிக்குழி என்று பாபநாசம் மலையில் சிதறிக் கிடக்கும் காணிக் குடியிருப்புகளை எல்லாம் கூட்டினாலும் அந்தக் கணக்கு நிறையாது. 2021இல் வந்த 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வாசலுக்கே கொண்டுவருவது மெய்யாகவே நல்ல காரியம். ஆனால் காய்ச்சலுக்கு மலையிறங்கித்தான் ஆக வேண்டும்.

ஆஸ்திரேலியாவும் பெருமைப்பட்டுக்கொள்ள முடியாது. அங்கே பூர்வகுடியினரின் ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் 8 ஆண்டுகள் குறைவு. ஆனாலும் சிட்னியின் ரெட்ஃபெர்னில் 1971இல் அவர்களே தொடங்கிய மருத்துவ நிலையத்தை இன்றும் அவர்களே நடத்துகிறார்கள். காணிக்காரர் ஒருவர் இங்கே விதி வகுக்கும் மேசையில் இருந்திருந்தால், ஓடிபி என்ற பேச்சு எழுந்த அன்றே சிரித்திருப்பார்.

கடைசியில் எதிரே டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி தன் எண்ணைக் கொடுக்க, ஆச்சிக்குச் சீட்டு கிடைத்தது. நான் விமானம் ஏறுவதற்கு முந்தின நாள் இரத்தப் பரிசோதனை முடிவும் அவர் போனுக்கே வந்ததாம். அதை ஒரு தாளில் எழுதி, காரையாறு பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பியிருக்கிறார்.