மம்பிளா (mumble), மட்டரா (mutter)?

ஆங்கிலத்தில் கதை எழுதும் காரைக்குடிப் பிள்ளைகள், 'சொன்னான்' என்பதற்கான 'செட்' (said) அலுத்தபின் குழப்பிக்கொள்ளும் ஜோடி இது.

மம்பிளில் கோளாறு உச்சரிப்பில். வாய் சரியாகத் திறக்காது, சொல் குழையும். கூச்சம், தூக்கம், வாய் நிறையக் கந்தரப்பம், எதுவும் காரணமாகலாம். (பொக்கை வாயால் மெல்வதற்கும் இதே வினை உண்டு.) முகப்பில் உட்கார்ந்திருக்கும் ஐயா, "வேலை என்னப்பா ஆச்சு?" என்றதும் பேரன் செய்வது இதைத்தான்.

மட்டரில் சொல் ஓரளவு தெளிவாகவே இருக்கலாம், குரல்தான் தாழும். பெரும்பாலும் உள்ளே எரிச்சல் இருக்கும். தனக்குத்தானே பேசுவது போலத்தான், ஆனாலும் அடுத்தவர் காதில் விழட்டுமே என்று ஓர் ஆசை. கல்யாண வீட்டில் பரப்பிய சாமான்களைப் பார்த்து, "வெள்ளி கொஞ்சம் மெலிசுதான்" என்பாரே அப்பத்தா, அது. கதாபாத்திரத்தின் மனசைக் காட்ட நான் எடுப்பது மட்டரைத்தான். கூடவே 'சாஃப்ட்லி' (softly, மெதுவாக) மட்டும் வேண்டாம். தாழ்ந்த குரல் மட்டரிலேயே அடக்கம்.