கேகோ-2வா, எம்டிசிகேவா, பாம்பாவா: ஆறு மாத ப்ராஜெக்டுக்கு எது சரி?

காட்பாடியில் எம்.ஃபார்ம் படிக்கும் தங்கச்சி ஒருத்தி போன வாரம் கேட்டாள்: “அண்ணா, என் மருந்து குடலைத் தாண்டுமான்னு பார்க்கணும், கேகோ-2 போடட்டுமா, எம்டிசிகே போதுமா?” இவை இரண்டும், பாம்பாவும், மருந்து குடல் சுவரைத் தாண்டுமா என்று ஆய்வகத்தில் பார்க்கும் முறைகள். அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன்.

கேகோ-2 மனிதப் பெருங்குடல் புற்றுநோயிலிருந்து எடுத்த செல். ஆனாலும் மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை என்று பிரிக்கும் துளைச்சவ்வின் மேல் 21 நாள் வளர்த்தால் சிறுகுடல் செல் போலவே ஆகிவிடும், பக்கத்துச் செல்லோடு இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும், உள்ளே வரும் மருந்தைத் திருப்பித் தள்ளும் பி-கிளைகோபுரதமும் தானாகவே வந்துவிடும். சிக்கல் அந்த 21 நாள்தான். மே மாதம், செல் வளர்ப்பின் 18ஆம் நாள் ராத்திரி, கரண்ட் போய் ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. காலையில் இன்குபேட்டரைத் திறந்தால் மீடியம் ஊதாவாகிக் கிடந்தது. தூக்கிப் போட மனசு வராமல் மேலே லூசிஃபர் யெல்லோ (நல்ல படலத்தை எளிதில் தாண்டாத ஒளிரும் சாயம்) விட்டுப் பார்த்தேன், கீழ் அறை முழுக்க மஞ்சளாக ஒளிர்ந்தது. செல் படலம் ஓட்டை. மறுபடி முதல் நாளிலிருந்து.

எம்டிசிகே 1958இல் காக்கர் ஸ்பானியல் நாயின் சிறுநீரகத்திலிருந்து வந்தது. மூன்று முதல் ஐந்து நாளில் தயார். பி-கிளைகோபுரதத்தை உண்டாக்கும் மனித எம்டிஆர்1 மரபணுவைச் செருகிய வகையை எடுத்தால் மருந்து திருப்பித் தள்ளப்படுகிறதா என்பது பளிச்சென்று தெரியும். ஆனால் நாயின் சொந்தத் தள்ளுபுரதமும் உள்ளேயே இருக்கிறது, அதனால் மரபணு செருகாத தாய்ச் செல்லையும் பக்கத்திலேயே ஓட்டித்தான் ஆக வேண்டும். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள்.

பாம்பாவில் செல்லே கிடையாது. ஃபில்டரில் கொழுப்பு ஊறவைத்த படலம், சில மணி நேரத்தில் 96 கிணறு முடிந்துவிடும். மருந்து தானாக ஊடுருவுவதை மட்டுமே காட்டும்.

மேல்விஷாரம் கறிக்கடையில் ஆட்டுக்குடல் வாங்கி உட்புறம் வெளியே வரும்படி திருப்பிக் கட்டிச் செய்வதையும் சிலர் கேட்கிறார்கள். செலவு குறைவு, செய்து பழகலாம். ஆனால் தசை அடுக்கும் சேர்ந்து தடுக்கும், திசு சீக்கிரம் செத்துப்போகும், வரும் எண்ணைச் செல் முறையின் எண்ணோடு வைத்துப் பார்க்காதீர்கள்.

எந்தச் செல்லை எடுத்தாலும் சரி, மேலிருந்து கீழே மட்டும் அளந்து நிறுத்தினால் பாதி வேலைதான். கீழிருந்து மேலேயும் அளக்க வேண்டும். திரும்பும் வேகம் போகும் வேகத்தைப் போல இரண்டு மடங்கோ அதற்கு மேலோ இருந்தால் யாரோ தள்ளுகிறார்கள் என்று சந்தேகப்படுங்கள், தள்ளுபுரதத்தை அடக்கும் வெராபமில் சேர்த்தால் அந்த இடைவெளி சுருங்குகிறதா என்று பாருங்கள். அப்புறம் கணக்கு: 100 பங்கு போட்டு இரண்டு அறையிலும் சேர்த்து 60தான் கிடைத்தால் மீதி பிளாஸ்டிக்கில் ஒட்டியிருக்கலாம், செல்லுக்குள் தங்கியிருக்கலாம். அந்த எண்ணை வைத்து ‘ஊடுருவல் குறைவு’ என்று எழுதுவது மருந்துக்குச் செய்யும் அநியாயம்.

என் தேர்வு: முதல் இரண்டு வாரம் பாம்பா, பிறகு எம்டிஆர்1 எம்டிசிகே. உடலில் செய்யும் சோதனையிலிருந்து விலக்கு கேட்டு அரசிடம் போகும் மருந்தென்றால் மட்டும் கேகோ-2, இந்த விலக்குக்கான சர்வதேச ஐசிஎச் எம்9 வழிகாட்டுதல் முறையாகச் சரிபார்த்த கேகோ-2வை ஏற்கிறது. தங்கச்சியிடம் ஒவ்வொரு பிளேட்டிலும் எளிதில் ஊடுருவும் மெட்டோப்ரோலாலையும் அவ்வளவாக ஊடுருவாத அட்டெனோலாலையும் கூடவே ஓட்டச் சொல்லியிருக்கிறேன், அவை இரண்டும் தம் இடத்தில் நின்றால்தான் அவளுடைய மருந்தின் எண்ணைப் பார்ப்பேன்.