பினாங்கு நாசி கண்டார்: சொல் தெரிந்தால் தட்டு தப்பாது

மலேசியாவின் பினாங்கில் சோற்றின் மேல் பல கறிகளும் குழம்புகளும் ஊற்றித் தரும் சாப்பாடுதான் நாசி கண்டார். ருசிக்கு முழு மதிப்பெண், வேகத்துக்கும் முழு மதிப்பெண். கேம்பல் தெருவில் 1907 முதல் நடக்கும் ஹமீதியா போன்ற பழைய கடையானாலும் புதுக் கடையானாலும் இதில் மாற்றமில்லை. தமிழ் முஸ்லிம்கள் தோளில் கண்டார் என்னும் காவடித்தடி வைத்துச் சோறும் கறியும் சுமந்து விற்ற தொழில் இது. இன்றும் மலாய்க்காரர், சீனர் எல்லாரும் கடைக்காரரை 'அண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆனால் கறிகளின் பெயர்கள் மலாயில். அங்கேதான் ஊருக்குப் புதியவர்கள் தடுமாறுகிறார்கள்.

'டாகிங்' என்றால் அகராதியில் இறைச்சி, கடையில் மாட்டிறைச்சி. ஆட்டுக்கறிக்குக் 'காம்பிங்', கோழிக்கு 'ஆயாம்'. குழம்பு 'குவா'. 'குவா சம்பூர்' என்று சொன்னால் கோழி, மீன், மாடு என நாலைந்து சட்டியிலிருந்தும் ஒவ்வொரு கரண்டி சோற்றில் விழும். 'பாஞ்சிர்' என்று சேர்த்தால் வெள்ளமாகவே ஊற்றுவார்கள். நாசி கண்டாரின் உயிரே அந்தக் கலவைதான். மாடு சாப்பிடாதவர்கள் 'குவா ஆயாம் சாஜா', அதாவது கோழிக் குழம்பு மட்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். எந்தச் சட்டியில் மாடு என்று எழுதி வைக்காத கடைகள் உண்டு; அது பெரிய குறை. சைவர்களுக்கு இந்த இடமே வேண்டாம். ஒரே கரண்டி பல சட்டிக்குப் போகும்.

விலையைத் தட்டைப் பார்த்தே போடுவார்கள். கோழி, முட்டை, வெண்டைக்காய் கையைக் கடிக்காது. பெரிய இறால், 'சோத்தோங்' எனும் கணவாய், 'தெலோர் ஈக்கான்' எனும் மீன்முட்டை மூன்றும் கணக்கை ஏற்றிவிடும். தட்டில் வைக்கும் முன்னரே 'பெராப்பா?' என்று விலை கேளுங்கள்.

'தே' என்றால் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். அதைச் சொல்லிவிட்டுச் சீனி வேண்டாம் என்பதில் பயனில்லை. இனிப்பு பாலிலேயே இருக்கிறது. சீனியில்லாத பால் தேநீர் வேண்டுமானால் 'தே சி கோசோங்'. பாலும் சீனியும் வேண்டாமென்றால் 'தே ஓ கோசோங்'. வெறும் 'தே ஓ' சீனியோடுதான் வரும்.

பொட்டலத்துக்கு 'புங்குஸ்' அல்லது 'தாப்பாவ்'. சோறு ஊறிக் குழையாமலிருக்க 'குவா ஆசிங்' என்று குழம்பைத் தனியாகக் கேளுங்கள். பையில் கட்டும் தேநீரை வழியிலேயே குடிப்பதானால் 'ஈக்காட் தெப்பி': ஓரமாகக் கட்டி உறிஞ்சுகுழல் செருகித் தருவார்கள். வீட்டுக்கென்றால் 'ஈக்காட் மாத்தி', இறுக்கி முடிச்சுப் போடுவார்கள், சிந்தாது.