செட்டிநாட்டு வெயிலில் ஒரு நிக்கான் எஃப்எம்2

காரைக்குடிப் பக்கம் இன்னமும் ஃபிலிமில் படம் எடுப்பவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவனாக, பல வருடமாக என் தோளில் தொங்கும் நிக்கான் எஃப்எம்2 பற்றி எழுதுகிறேன். இனிமேல் ஃபிலிம் கேமரா வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கும் இதுவே என் பதில். கேமராவைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. ரோலைக் கழுவித் தரும் லேபும், கேமராவைத் திறக்கத் தெரிந்த மெக்கானிக்கும் எத்தனை நாளைக்கு இருப்பார்கள் என்பதுதான் கவலை.

எஃப்எம்2 1982-இல் வந்தது, 2001 வரை தயாரிப்பில் இருந்தது. ஃபிலிமுக்கு முன்னால் திறந்து மூடி வெளிச்சத்தை விடும் ஷட்டர் முழுக்க ஸ்பிரிங் விசையில் ஓடுவது. ஒரு நொடியில் தொடங்கி, நொடியில் 4000-இல் ஒரு பங்கு வரை எல்லா வேகமும் பேட்டரி இல்லாமலே வேலை செய்யும். உள்ளே போடும் இரண்டு பொத்தான் பேட்டரியும் வெளிச்சத்தை அளக்கும் லைட் மீட்டருக்கு மட்டும்தான். கடிகாரக் கடையிலேயே கிடைக்கும்.

இந்த ஊர் வீடுகளில் வெளிச்சம் ஒரு சோதனை. உச்சிவேளையில் வளவின் (வீட்டு உட்கட்டின்) முற்றம் கண்ணைக் கூசும். நாலு எட்டு தள்ளி, தேக்குத் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆச்சியின் முகம் இருட்டில் இருக்கும். முட்டை வெள்ளைக்கரு சேர்த்துப் பூசிய சுண்ணாம்புச் சுவர் வேறு பளபளவென்று ஒளியைத் திருப்பி அடிக்கும். அப்படியே முற்றத்தை நோக்கி வைத்தால் மீட்டர் ஏமாந்துவிடும். நான் கேமராவைத் தாழ்த்தி, நிழலில் இருக்கும் ஆத்தங்குடித் தரைக் கல்லைப் பார்க்க வைப்பேன். வியூஃபைண்டரில் கூட்டல், வட்டம், கழித்தல் என்று மூன்று சிவப்புக் குறிகள் உண்டு. வட்டம் மட்டும் எரிகிற மாதிரி அளவு வைத்து, பிறகு நிமிர்த்தி எடுப்பேன். நெகட்டிவ் ஃபிலிம் கூடுதல் வெளிச்சத்தை நன்றாகத் தாங்கும். இல்ஃபோர்ட் எச்பி5 என்ற கருப்பு வெள்ளை ஃபிலிமில் இப்படி எடுத்தால் ஆச்சியின் முகச் சுருக்கமும் தெரியும், வெயில் விழும் சுவரின் வழவழப்பும் தெரியும். போன் கேமரா இரண்டையும் ஒரே வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து, நிழலை நிழலாக விடாமல் செய்துவிடுகிறது. எனக்கு அது பிடிப்பதில்லை.

குறை என்றால் பின்மூடிப் பஞ்சு. வெளிச்சம் புகாமல் இருக்க மூடியின் ஓரத்தில் ஒட்டியிருப்பது, வருடக்கணக்கில் சூடு பட்டால் வேப்பம் பிசின் மாதிரி இளகிவிடும். படத்தில் கோடு கோடாக வெளிச்சம் புகும். மதுரையில் ஒரு பழைய மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். "வேகமெல்லாம் சரியா இருக்கு தம்பி, பஞ்சுதான் போயிடுச்சு" என்று, சுரண்டி எடுத்துப் பள்ளத்தில் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்துத் தந்தார். தொழிலைக் கற்றுக்கொள்ள யாரும் வருவதில்லை என்று சொன்னார். அதைக் கேட்டதிலிருந்துதான் எனக்கு இந்தக் கவலை.

லேப் கதையும் இதுதான். கலர் ரோலைக் கழுவும் சி-41 முறை உலகம் முழுக்க ஒன்றே: டெவலப்பர் 37.8 டிகிரியில், 3 நிமிடம் 15 நொடி. தினமும் ரோல் ஓடினால்தான் மெஷினில் இருக்கும் கெமிக்கல் கெடாமல் இருக்கும். ரோல் வரத்து குறைந்தால் கெமிக்கல் வீணாகும், லேபுக்காரர் மூடிவிடுவார். வெளியூர் லேப் ஒன்று எனக்கு ஸ்கேனை அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டது. ஒரு குடும்பம் முன்னோருக்குப் படையல் இடும் படைப்பு வீட்டின் படங்கள் அதில் இருந்தன. இன்னும் ஆறவில்லை.

கருப்பு வெள்ளையை வீட்டிலேயே கழுவுகிறேன். டெவலப்பருக்கு 20 டிகிரி வேண்டும். இங்கே கோடையில் மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் முப்பதுக்குக் கீழே இறங்காது. ஐஸ் கட்டிகளைப் பாலித்தீன் பையில் கட்டி, கெமிக்கல் பாட்டில் நிற்கும் வாளியில் போட்டுக் குளிர வைக்கிறேன்.

அப்புறம் ஃபிலிம். நம் ஊட்டியிலேயே 1960-இல் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை ஃபிலிம் தயாரித்தது. அது மூடிப்போனது நமக்குப் பெரிய இழப்பு. இப்போது வெளிநாட்டுச் சரக்குதான். கலர் ரோல் வாங்கி, கழுவி, ஸ்கேன் செய்ய ஆயிரம் ரூபாய் தாண்டுகிறது. ஆனால் ஃபிலிம் அழிந்துவிடும் என்று நான் நம்பவில்லை. கோடாக் 2012-இல் திவால் மனு போட்டது, எக்டாக்ரோம் என்ற கலர் ஸ்லைடு ஃபிலிமையும் அப்போது நிறுத்தியது. 2018-இல் அதையே திரும்பக் கொண்டுவந்தது. இங்கிலாந்தின் ஹார்மன் 2023-இல் ஃபீனிக்ஸ் என்ற புதுக் கலர் ஃபிலிமை இறக்கியது.

புது ஃபிலிம் கேமராவில்தான் பள்ளம். கேனான் 2018-இல் இஓஎஸ்-1வி விற்பனையை நிறுத்தியது, நிக்கான் 2020-இல் எஃப்6-ஐ முடித்துக்கொண்டது. 2022-இல் மறுபடி வந்த லைக்கா எம்6 பல லட்சம். 2024-இல் வந்த பென்டாக்ஸ் 17-ஐ மனதார வரவேற்கிறேன், ஆனால் அது ஒரு படத்துக்கு வழக்கமான அளவில் பாதி ஃபிலிமே எடுக்கும் அரை ஃபிரேம் கேமரா. லென்ஸ் மாற்ற முடியாது. எஃப்எம்2 மாதிரி ஒன்றை நடுத்தர விலையில் யாராவது புதிதாகச் செய்தால் முதல் ஆளாக வாங்குவேன்.

அதுவரை பழையதுதான் வழி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேமரா கண்ணில் பட்டால் அழகுக்காக வாங்காதீர்கள். பின்மூடியைத் திறந்து, ஒரு நொடி வேகத்தில் ஷட்டர் இடையில் நிற்காமல் மூடுகிறதா என்று பாருங்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து உள்ளே பூஞ்சை இழை ஓடுகிறதா என்று பாருங்கள். பஞ்சு இளகியிருந்தால் பரவாயில்லை, மாற்றிக்கொள்ளலாம். ஷட்டர் தகட்டில் மடிப்பு விழுந்திருந்தால் மட்டும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.